கடைசற் பொறியின் வரலாறும் ‘கடைதல்’ என்னும் சொல்லும்

1. முன்னுரை

மரக்கட்டையைப் பிடித்து நிறுத்திச் சுழற்றி, அது சுழலும்போதே உளியால் உருத்திருத்தும் தொழிலைத் தமிழ் மக்கள் கடைசல் என்பர். அத்தொழில் செய்தலைக் கடைசல் பிடித்தல் என்றும், அது நடைபெறும் இடத்தைக் கடைசற் பட்டறை என்றும் வழங்குவர். கட்டிற்கால், தொட்டிற்கம்பு, பம்பரம், மத்து, சிறுமியர் விளையாடும் சொப்பு முதலாகிய பொருள்கள் பலவும் இத்தொழிலின் பயனாக நம் வீடுகளை வந்தடைந்தவை. இரும்பு கடையும் பொறியை லேத்து என்னும் ஆங்கிலச் சொல்லாற் குறிப்பது இன்று பெருவழக்காயிற்று. எனினும் அப்பொறியில் நடக்கும் வேலைக்குக் கடைசல் வேலை என்னும் பெயர் இன்னும் வழக்கிழந்துவிடவில்லை.

மரத்தாலாகிய பழங்கருவிகள் மட்கி மறைவன. கல்லும் செம்பும் காத்துத் தந்த அளவு சான்றினை மரம் நமக்குத் தரவில்லை. ஆதலின், கடைசற் கருவியின் பழைமையை ஆராய்வார்க்குக் கிடைக்கும் சான்றுகள் மூவகைப்படும். பழைய ஓவியங்களும் புடைப்புச் சிற்பங்களும் ஒருவகை. கடைந்த பொருள்களின் மேற்பரப்பில் உளி விட்டுச்சென்ற வளையக் கோடுகள் இரண்டாம் வகை. தொழிலைக் குறிக்கும் சொற்கள் மூன்றாம் வகை. முதலிரு வகையினையும் மேனாட்டறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மூன்றாம் வகைச் சான்றினைத் தமிழ்மொழி எத்துணைத் தெளிவாகக் காத்து வைத்துள்ளது என்பதை எடுத்துக் காட்டுதலும், அச்சொல் காட்டும் தொடக்க நிலையிலிருந்து இப்பொறி வளர்ந்த படிகளை முறைப்படுத்தி நோக்குதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

கடைசற் றொழிலில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. கட்டையைப் பிடித்தல் ஒன்று. அதனைச் சுழற்றுதல் ஒன்று. உளியைச் செலுத்தி உருவாக்குதல் ஒன்று. இம்மூன்றனுள் பெரும்பகுதி முதற்கண் மனித உடம்பின்பாற் பட்டிருந்தது. பின்னர் ஒவ்வொன்றாகப் பொறியின்பாற் சென்றது. எது எப்போது சென்றது என்பதை அறியின், பொறி கைத்தொழிலை வென்ற இடம் யாது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும். நீராவியின் ஆற்றலும் விரைவுமே கைத்தொழிலை வீழ்த்தின என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. கடைசற் பொறியின் வரலாறு அக்கருத்தோடு முற்றும் இசைந்துவருமாறு இல்லை என்பதை மேலே காண்போம்.

2. சொல் தரும் சான்று

‘கடை’ என்னும் வினைச்சொல் தமிழில் நான்கு செயல்களுக்குப் பெரும்பான்மையும் வழங்குகின்றது. தயிர் கடைதல், கீரை கடைதல், தீக்கடைதல், மரங்கடைதல் என்பன அவை. மோருக்கும் கட்டிற்காலுக்கும் ஒப்புமை யாதும் இல்லை. நெருப்புக்கும் கீரைக்கும் இல்லை. செய்யப்படும் பொருளும், கிடைக்கும் பயனும் வேறுவேறாக இருப்பவும், நான்கினையும் ஒரு சொல்லால் நம் முன்னோர் குறித்ததற்குக் காரணம் யாது?

தயிர் கடைவார் மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் இரு கையாற் பற்றி மாறி மாறி இழுப்பர். மத்து ஒருகால் வலமாகவும் ஒருகால் இடமாகவும் சுழலும். கீரை கடைதலில் கயிறு இல்லை. மத்தின் தண்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்து உருட்டுவர். அங்கும் சுழற்சி வலமும் இடமுமாக மாறி வரும். தீக்கடைதலில், ஒரு கட்டையிலுள்ள குழியில் மற்றொரு கோலை நட்டு, கையால் உருட்டியோ கயிற்றால் இழுத்தோ உராய்வினால் தீப்பிறக்கச் செய்வர். ஞெலிகோல் எனச் சங்க நூல்கள் குறிக்கும் தீக்கடைகோல் இதுவே. பழைய கடைசற் கருவியிலோ, இரண்டு முனைகளுக்கிடையே நின்ற கட்டையின்மேல் கயிற்றைச் சுற்றி, அதனை மாறி மாறி இழுத்தனர். ஆகவே, நான்கு செயல்களையும் ஒன்றாகப் பிணிப்பது ஒரு தண்டினை முன்னும் பின்னுமாக மாறிச் சுழலச் செய்யும் இயக்கமே என்பது புலனாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். சுழலுதல் என்னும் பொதுப்பண்பு பற்றியே இச்சொல் எங்கும் பரவியது எனலாகாதோ என்பது அத்தடை. பிற சுழற்சித் தொழில்களுக்குத் தமிழ் வழங்கும் சொற்களை நோக்கின் இத்தடை நீங்கும். குயவன் சக்கரத்தைச் சுழற்றிச் செய்வது வனைதல். செக்கினைச் சுழலச் செய்வது ஆட்டுதல். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுழற்றுவதும் ஆட்டுதலே. திரிகைக் கல்லைச் சுழற்றுவது திரித்தல். இராட்டையைச் சுழற்றுவது நூற்றல். இவையனைத்தும் சுழற்சித் தொழில்களே. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் கடைதல் எனப்படுவதில்லை. இவையெல்லாம் ஒரே திசையில் தொடர்ந்து சுழல்வன என்பது நோக்கத்தக்கது. குயவன் சக்கரத்திலும் கடைசற் பட்டறையிலும் உருண்டை வடிவங்களே தோன்றுகின்றன. இருந்தும் முன்னது வனைதல், பின்னது கடைதல். எனவே, வடிவம் பற்றியோ பொதுவான சுழற்சி பற்றியோ எழாது, மாறிச் சுழலும் இயக்கம் பற்றியே இச்சொல் வரையறைப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்வியக்கம் தமிழர் உள்ளத்தில் எத்துணை ஆழப் பதிந்திருந்தது என்பதற்குப் பாற்கடல் கடைந்த கதையே சான்று பகரும். மலை மத்தாகவும், பாம்பு கயிறாகவும், இரு தரப்பினர் மாறி மாறி இழுப்பவராகவும் அமைந்த அக்கதையைச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை எடுத்தாண்டுள்ளது. மத்தும் கயிறும் நாள்தோறும் கையில் ஏந்திய ஆயர்மகளிர் வாயில் அக்கதை அமைந்தது மிகவும் பொருத்தமே. கடைந்த பொருள்களைப் பற்றிய குறிப்பினை நெடுநல்வாடையிற் காணலாம். அரசியின் கட்டிலை வருணிக்கும் பகுதியில், யானைத் தந்தத்தால் அமைந்த அதன் கால்கள் குடம்போலப் பருத்தும் பூண்டுபோலத் திரண்டும் விளங்கியதாக ஆசிரியர் நக்கீரர் கூறுகின்றார். பருத்தும் சிறுத்தும் முறையாகத் திரண்டுவரும் இத்தகைய வடிவங்கள் கடைசல் உளிக்கே இயல்பாக அமைவன. ஆதலின் அத்தொழிலை நன்கறிந்த ஒரு சூழலிலிருந்தே அவ்வருணனை பிறந்தது எனக் கருத இடமுண்டு.

மேனாட்டு மொழிகளின் வழக்கு இதனோடு ஒப்பிட்டு நோக்கற்பாலது. கிரேக்க மொழியில் கடைசற் கருவியைக் குறித்த ‘தோர்னோசு’ என்னும் சொல், வட்டம் வரையும் கருவியையும் குறித்தது. இலத்தீன் மொழி வழியாக அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘டர்ன்’ என வந்து வழங்குகின்றது. கிரேக்கர் தொழிலின் விளைவாகிய வட்டத்தை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் தொழிலின் இயக்கத்தை நோக்கிப் பெயரிட்டனர். இவ்வேறுபாட்டினாலேயே தமிழ்ச்சொல் பழங்கருவியின் அமைப்பினைத் தன்னகத்தே காத்துத் தருவதாயிற்று.

3. கயிறும் வில்லும் கழியும்

சொல் காட்டிய அமைப்பினைப் பழைய ஓவியமும் காட்டுகின்றது. எகிப்து நாட்டில் தூனா எல் கெபெல் என்னுமிடத்தில் பெத்தோசிரிசு என்பவரின் கல்லறை உள்ளது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அக்கல்லறையின் சுவரிற் காணப்படும் புடைப்புச் சிற்பமே, கடைசற் கருவியைக் காட்டும் சிற்ப ஓவியங்களுள் இதுகாறும் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது. அதில் இருவர் உளர். ஒருவன் கட்டையைச் சுற்றிய கயிற்றை இரு கையாலும் இழுக்கின்றான். மற்றவன் உளியைப் பிடித்து உருவாக்குகின்றான். சுழற்றுவோனும் உருவாக்குவோனும் வேறாக நிற்கும் இந்நிலையையே முதற்படி எனலாம்.

இந்திய நாட்டுக் கடைசற்காரர் இவ்விரு வேலையையும் ஒருவராகவே செய்ய வழிகண்டனர். கயிற்றை ஒரு வில்லிற் கட்டி, அதனைக் கட்டையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை ஒரு கையால் முன்னும் பின்னும் இழுத்தனர். தரையில் அமர்ந்த நிலையில், மறு கையாலும் கால் விரல்களாலும் உளியைத் தாங்கினர். கை சுழற்ற, கால் பிடிக்க, கண் அளக்க, உடம்பு முழுமையும் கருவியின் உறுப்பாக அமைந்த நிலை இது. கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும், ஆந்திர நாட்டு எட்டிகொப்பாக்காவிலும், திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்திலும் வளர்ந்த கடைசல் விளையாட்டுப் பொருள்கள் இத்தொழில் மரபைச் சார்ந்தவை. சென்னபட்டணத்தில் பெரிதும் பயன்படும் மரம் நாம் வெட்பாலை என வழங்குவது. சுழலும் கட்டையின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்திற் படியும். தீக்கடைகோலில் நெருப்பைத் தந்த அதே உராய்வு, ஈண்டு நிறத்தைத் தருகின்றது.

ஐரோப்பியரோ நின்று வேலை செய்யும் முறையை மேற்கொண்டனர். 13ஆம் நூற்றாண்டளவில் அங்குக் கழிக்கடைசல் வழக்கில் இருந்தமையை ஓவியங்கள் காட்டுகின்றன. வளையும் இயல்புடைய நீண்ட கழியொன்றைத் தலைக்கு மேலே பொருத்தி, அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிற்றைக் கட்டையின்மேற் சுற்றி, கீழே ஒரு மிதிபலகையிற் கட்டினர். மிதித்தால் கட்டை முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்க, கட்டை பின்னோக்கிச் சுழலும். கை இரண்டும் உளிக்கே உரியவாயின. இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுகளின் பீச்சு மரக்காடுகளில், ஹை விக்கம் நகரத்து நாற்காலித் தொழிலுக்குரிய கால்களைக் கடைந்து தந்தவர்கள் இக்கருவியை 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் கையாண்டனர். அவர்கள் மரத்தை வெட்டிய காட்டிலேயே, ஈரம் உலராத நிலையில், அளவாகத் துண்டித்துப் பிளந்து, ஓரளவு உருட்டிச் சீவி, இரு முனைகளுக்கிடையே பொருத்திக் கடைந்தனர்.

வில், கழி என்னும் இரண்டிலும் ஒரு குறை உண்டு. உளி மரத்தை வெட்டுவது ஒரு திசையில் மட்டுமே. கட்டை பின்னோக்கிச் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ளல் வேண்டும். ஆகவே தொழிலாளியின் காலத்திற் பாதி வெட்டாமலே கழியும். ஆனால் அந்த இடைவெளி அவன் கண்ணுக்குப் பயன்பட்டது. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை உளியை விலக்கி, வடிவத்தை நோக்கி, மீண்டும் உளியைச் சேர்த்தான். நோக்குதலும் வெட்டுதலும் மூச்சுப்போல மாறி மாறி வந்தன.

4. சுழற்றுதல் பொறியின்பாற் சென்றமை

தொடர்ந்து ஒரு திசையிலேயே சுழலும் கடைசல் எழுந்தது வளர்ச்சியின் அடுத்த படியாகும். பெரிய சக்கரமொன்றை ஏவலாளன் சுழற்ற, அதினின்று வரும் வார் கட்டையைச் சுழற்றும் முறை ஐரோப்பாவில் வழங்கியது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியொனார்டோ டா வின்சி வரைந்த வரைபடமொன்று, மிதிபலகையும் வளைதண்டும் கனத்த சுழற்சக்கரமும் கூடிய கடைசற் கருவியைக் காட்டுகின்றது. மிதித்தலாகிய மேல்கீழ் இயக்கத்தை வளைதண்டு தொடர் சுழற்சியாக மாற்றும். கால் மேலெழும்போது சுழற்சி குன்றாவண்ணம் சக்கரத்தின் கனம் காக்கும். பின்னர் நீரும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவியும் மிதிக்கும் காலின் இடத்தைப் பெற்றன.

‘கடைதல்’ என்னும் சொல்லின் முதற்பொருள் நீங்கிய இடம் இதுவே. மாறிச் சுழலுதல் ஒழிந்து தொடர்ந்து சுழலுதல் வந்தபின்னும், தொழிலின் பெயர் மாறவில்லை. கருவி மாறிய பின்னும் பெயர் நிலைத்தல் மொழிகளில் இயல்பு. அப்பெயரே பழைய நிலையை நமக்கு உணர்த்தும் தடயமாக நிற்கின்றது.

இவ்விடத்தில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுழற்றும் ஆற்றல் உடம்பினின்றும் நீங்கிய பின்னும் கடைசற்காரரின் திறம் சிறிதும் மதிப்பிழக்கவில்லை. நீர்ச்சக்கரம் சுழற்றினும், நீராவி சுழற்றினும், உளி அவர் கையிலேயே இருந்தது. எவ்விடத்தில் எத்துணை ஆழம் செல்ல வேண்டும் என்பதை அவர் கண்ணும் கையுமே அறிந்திருந்தன. உழைப்பின் களைப்பு அவரை விட்டு நீங்கிற்று. தொழிலின் உரிமை நீங்கவில்லை.

5. உளியைப் பொறி பிடித்தமை

உளியைக் கையாற் பிடியாது, சட்டத்திற் பொருத்தித் திருகாணியால் நகர்த்தும் அமைப்பு சறுக்குத்தாங்கி எனத்தகும். இதனை ஒருவரே ஒருநாளிற் கண்டுபிடித்தார் என்றல் ஏலாது. உருசிய நாட்டுப் பேரரசர் பீட்டரின் பட்டறையில் பணிபுரிந்த ஆந்திரே நார்த்தோவ் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய அமைப்புடைய கடைசற் பொறிகளைச் செய்தார். பிரெஞ்சு நாட்டு வோக்கான்சோன் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்புச் சட்டத்தாலான கடைசற் பொறியை அமைத்தார். இவற்றையெல்லாம் தொழிற்சாலைக்கு ஏற்ற உறுதியும் நுட்பமும் உடையனவாகச் செய்து பரப்பியவர் இங்கிலாந்தைச் சார்ந்த ஹென்றி மாட்ஸ்லி (1771–1831). பூட்டுத்தொழிலிற் புகழ்பெற்ற ஜோசப் பிராமாவிடம் பணியாற்றி, 1797இல் தனிப்பட்டறை தொடங்கிய இவர், ஏறத்தாழ 1800இல் செய்த திருகு கடையும் பொறி இன்றும் லண்டன் அறிவியற் காட்சிச்சாலையிற் காக்கப்படுகின்றது.

இக்கருத்து மரத்தொழிலிற் பெருவடிவெடுத்த இடம் போர்ட்சுமத்துக் கப்பற்றுறையாகும். பாய்மரக் கப்பலின் கயிறுகளை இழுக்கக் கப்பிகள் வேண்டும். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் ஓரிலக்கம் அளவில் அவை வேண்டியிருந்தன. கப்பியின் உடல் எல்ம் மரத்தால் ஆயது. உள்ளே சுழலும் உருளை லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடிய மரத்தால் ஆயது. இவற்றைக் கையாற் செய்துவந்த காலத்தில், கடற்படைத் தொழிற்பகுதியின் தலைவராயிருந்த சாமுவேல் பெந்தமின் ஆதரவினால், மார்க் இசம்பார்ட் புரூனெல் தாம் வகுத்த பொறிகளை அங்கு நிறுவும் வாய்ப்பினைப் பெற்றார். பொறிகளைச் செய்துதந்தவர் மாட்ஸ்லியே. 1802 முதல் சில ஆண்டுகளில் நாற்பத்தைந்து பொறிகள் நிறுவப்பட்டன. 1808இல் அவை ஓராண்டிற் செய்த கப்பிகள் 1,30,000. நூற்றுப்பத்துப் பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர்.

இப்பொறிகளுள் கப்பியின் வெளிவடிவைச் செய்யும் பொறியின் அமைப்பு நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. இரண்டு பெருஞ்சக்கரங்களின் விளிம்புகளுக்கிடையே பத்துக் கட்டைகள் வரிசையாகப் பற்றி நிறுத்தப்பட்டன. சக்கரங்கள் சுழல, ஒவ்வொரு கட்டையும் உளியின்முன் வந்து சென்றது. உளியோ, வளைந்த வடிவச் சட்டமொன்றின் வழியே நகர்ந்து கட்டைகளின் ஒரு முகத்தை வளைவாக்கியது. ஒரு முகம் முடிந்ததும் பத்துக் கட்டைகளும் ஒருங்கே அடுத்த முகத்துக்குத் திருப்பப்பட்டன. தொழிலாளி செய்ய வேண்டியது கட்டைகளைப் பொருத்துதலும் பின்னர் எடுத்தலுமே. வடிவம் அவன் கண்ணில் இல்லை. இரும்புச் சட்டத்தில் இருந்தது. கப்பி செய்யும் தொழிலை அறியாதவரும் இப்பொறிகளை இயக்க இயன்றது. நூற்றுப்பத்து என்னும் எண் பத்தாகக் குறைந்ததற்கு உண்மைக் காரணம் இங்கேதான் உள்ளது. நீராவி மட்டுமே காரணமாயின், உளி பிடிக்கும் கைகள் முன்போலவே வேண்டப்பட்டிருக்கும்.

6. மாதிரியைப் பின்பற்றும் பொறி

போர்ட்சுமத்துப் பொறியில் வடிவம் ஒரு சட்டத்தில் இருந்தது. ஆயின் ஒழுங்கற்ற வளைவுகளையுடைய பொருளுக்கு அத்தகைய சட்டம் போதாது. துப்பாக்கியின் மரப்பிடி அத்தகையது. அஃது உருண்டையும் அன்று, தட்டையும் அன்று. ஓரிடத்தில் பருத்தும், ஓரிடத்தில் வளைந்தும், தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ப அமைவது. கடைசற் பொறியில் பெரும்பாலும் உருண்டையான பொருளே பிறந்துவந்தது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த தாமஸ் பிளாஞ்சர்டு (1788–1864) இந்நிலையை மாற்றினார்.

அவர் 1819இல் அமைத்த பொறியில் இரண்டு பொருள்கள் ஒருங்கே சுழன்றன. ஒன்று, முன்னரே செய்துவைத்த மாதிரி. மற்றொன்று, உருவாக வேண்டிய மரக்கட்டை. மாதிரியின் மேற்பரப்பைத் தொட்டு ஒரு சிறு சக்கரம் உருண்டது. அதனோடு பிணைக்கப்பட்ட வெட்டுச்சக்கரம் கட்டையைத் தொட்டது. மாதிரியில் மேடு வந்தால் முன்னது விலகும். பின்னதும் அவ்வளவே விலகும். பள்ளம் வந்தால் இரண்டும் நெருங்கும். இங்ஙனம் மாதிரியின் வடிவம் முழுமையும் கட்டைக்கு மாறியது. ஸ்பிரிங்பீல்டு அரசாங்க ஆயுதச்சாலையில் 1820களில் இப்பொறி நிறுவப்பட்டது. மரப்பிடி செய்தலின் ஏனைய வேலைகளுக்கும் பிளாஞ்சர்டு பொறிகள் வகுத்தார். 1850களில் இங்கிலாந்து அரசாங்கம் தன் என்பீல்டு ஆயுதச்சாலைக்கு இவ்வகைப் பொறிகளை அமெரிக்காவிலிருந்து வருவித்தது. காலணி செய்வோருக்குரிய கால்வடிவக் கட்டை, கோடரிக்காம்பு முதலியனவும் இம்முறையாற் செய்யப்படலாயின.

இப்பொறியில் பழைய முறை தலைகீழாயிற்று என்பது கருதற்குரியது. பழைய கடைசலில் மரம் விரைந்து சுழலும். உளி அசையாது நிற்கும். பிளாஞ்சர்டின் பொறியில் மரம் மெல்லச் சுழலும். வெட்டும் சக்கரமே விரைந்து சுழலும். மேலும், பிடித்தல், சுழற்றுதல், உருவாக்குதல் ஆகிய மூன்றும் இங்கு முற்றும் பொறியின்பாற் சென்றுவிட்டன. மனிதத் திறம் எஞ்சியிருந்தது மாதிரியில் மட்டுமே. ஒருவர் ஒருமுறை செய்த நல்ல வடிவம் எண்ணிறந்த படிகளாகப் பெருகியது. அத்தகைய வடிவத்தை மீண்டும் மீண்டும் செய்யவல்ல கைகளுக்கு வேலை இல்லையாயிற்று. 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் எண்களால் இயங்கும் வெட்டுப்பொறியைச் செய்து காட்டியபோது அம்மாதிரியும் மரத்தினின்று நீங்கி எண்வரிசையாக மாறியது.

7. கட்டை சுருளாய் விரிந்தமை

மரக்கட்டையைப் பிடித்துச் சுழற்றும் பொறியின் மற்றொரு கிளை 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அஃது உருவாக்குதலைக் கருதாது உரித்தலைக் கருதியது. பெருங்கட்டையின் இரு தலையையும் பற்களையுடைய பிடிகள் கவ்விச் சுழற்ற, கட்டையின் நீளமுள்ள கத்தியொன்று அதன் பக்கத்தை அழுத்தி நிற்கும். கட்டை ஒருமுறை சுழலும்போது கத்தி எத்துணை முன்னேறுகின்றதோ, அத்துணைக் கனமுள்ள மென்தகடு, பாய் விரிவதுபோல ஓயாது வெளிவரும். கடிய மரமாயின் முன்னரே வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்துவர். இத்தகடுகளை இழை மாற்றி அடுக்கி ஒட்டினால் ஒட்டுப்பலகையாகும். இலங்கையினின்றும் தென்னிந்தியாவினின்றும் தேயிலை ஏற்றிச் சென்ற பெட்டிகள் 20ஆம் நூற்றாண்டில் இவ்வொட்டுப்பலகையால் ஆயின. தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் கொய்த இலை, இப்பொறி உரித்த மரத்தினுள் அடங்கிக் கடல் கடந்தது.

தமிழ்நாட்டோடு இப்பொறிக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. தீக்குச்சி என்பது உரித்த மரமே. மட்டி முதலான மென்மரக் கட்டைகளை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக உரித்து, அத்தகட்டை அடுக்கிக் குச்சிகளாக நறுக்குவர். அட்டைப்பெட்டி வருமுன் தீப்பெட்டியின் கூடும் இத்தகைய மென்தகட்டாலேயே ஆயது. சிவகாசிக்கு வேண்டிய குச்சிகளிற் பெரும்பகுதியைக் கேரளத்து உரிப்பாலைகள் தந்தன. தீக்கடைகோலைக் கடைந்து நெருப்பு உண்டாக்கிய மக்களுக்கு, கடைசற் பொறியின் வழித்தோன்றலாகிய இப்பொறி தீக்குச்சியைத் தந்தது என்னும் இயைபு சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவை பயப்பதாகும்.

கடைசலில் எஞ்சி நிற்கும் உள்மரமே பொருள், சீவல் கழிவு. உரிப்புப்பொறியிலோ சீவலே பொருள். எஞ்சும் உள்தண்டு கழிவு. அக்கழிவைக் குறைக்கும் முயற்சி பிடித்தல் என்னும் செயலையே மாற்றியது. கட்டையின் நடுவைக் கவ்வும் பிடிகள் இருக்கும்வரை, அப்பிடியின் அளவினும் மெலிதாகக் கட்டையை உரித்தல் இயலாது. ஆதலின், நடுப்பிடியே இன்றி, கட்டையை வெளிப்புறத்தில் உருளைகளால் அழுத்திச் சுழற்றும் பொறிகள் பிற்காலத்தில் எழுந்தன. அவை சில சென்டிமீட்டர் குறுக்களவு எஞ்சும்வரை உரிக்க வல்லன. மெலிந்த தோட்ட மரங்களையும் பயன்கொள்ள உதவுகின்றன. பெத்தோசிரிசு கல்லறைக் காலந்தொட்டு மாறாதிருந்த இரு முனைகளும் இங்கு மறைந்தன.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிபுகள் வருமாறு.

‘கடைதல்’ என்னும் தமிழ்ச்சொல் மாறிச் சுழலும் இயக்கத்தைக் குறித்து எழுந்தது. வனைதல், ஆட்டுதல், திரித்தல், நூற்றல் என்னும் தொடர்சுழற்சிச் சொற்களோடு ஒப்பிடுங்கால் இது தெளிவாகும். மரம் காத்துத் தராத சான்றினைச் சொல் காத்துத் தந்துள்ளது.

கடைசற் பொறியின் வளர்ச்சியில் சுழற்றுதல் முதலில் உடம்பை விட்டு நீங்கியது. ஆயின் அதனால் தொழிலாளியின் திறம் குன்றவில்லை. உளியைப் பொறி பிடித்து, வடிவம் சட்டத்திலும் மாதிரியிலும் குடிபுகுந்த பின்னரே கைத்திறத்துக்குரிய இடம் பறிபோயிற்று. விரைவு பொறியின் வெற்றிக்குத் துணைபுரிந்தது. உளிப்பிடியே அதனை முடிவுசெய்தது. கைத்தொழில்களின் எதிர்காலத்தைக் கருதுவோர் மின்விசை புகுவதை அஞ்ச வேண்டுவதில்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்பினை மின்விசை சுழற்றினும், உளி கடைசற்காரர் கையில் இருக்கும்வரை அது அவர் தொழிலே. உளி எவர் கையில் உள்ளது என்பதையே அவர்கள் நோக்குதல் வேண்டும்.

இறுதியாக, அகராதி செய்வார்க்குரிய கடமை ஒன்று உண்டு. கடைசற் பட்டறையில் வழங்கும் உளி வகைகள், பிடி, முனை, வார், அரக்கிடும் முறை ஆகியவற்றின் பெயர்களைத் தொழிலாளரிடமே கேட்டு, கருவியின் வரைபடத்தோடும் அது இயங்கும் முறையோடும் பதிவுசெய்தல் வேண்டும். சொல்லுக்குப் பொருளாக மற்றொரு சொல்லை மட்டும் எழுதிவைத்தல் போதாது. கயிறு மாறி மாறி இழுபட்டதை அறியாதவன் ‘கடைதல்’ என்பதன் பொருளை எவ்வகராதியிற் கண்டும் முழுமையாக உணரான். வில்லால் இழுத்துக் கடைந்த முறையை நேரிற் கண்டு கூறவல்லார் அருகிவரும் இக்காலத்தில், இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.